எண்ணெய் அரசியல் – 14: காரை ட்ரக் ஆக்கிய சட்டம்

1975 டிசம்பர் 22. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது அமெரிக்க அதிபர் ஜெரால்டு ஃபோர்டு ஒரு மசோதாவில் கையெழுத்திட்டார். ‘எரிசக்திக் கொள்கை மற்றும் சேமிப்புச் சட்டம்’ என்று பெயர். கையெழுத்துப் போடாதீர்கள், திருப்பி அனுப்புங்கள் என்று அவருடைய குடியரசுக் கட்சியிலேயே பலர் வற்புறுத்திப் பார்த்தார்கள். அவர்களை உறுத்தியது அதிலிருந்த கச்சா எண்ணெய் விலைக் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாடு சில ஆண்டுகளில் காலாவதியாகிவிட்டது. அதே சட்டத்துக்குள் அவ்வளவாகக் கவனிக்கப்படாமல் இருந்த இன்னொரு பகுதிதான் அரை நூற்றாண்டாகச் சண்டைக்குக் காரணமாக இருக்கிறது. ஒரு கம்பெனி ஓராண்டில் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் இவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்ற விதி அது.

அதிபர் ஃபோர்டுக்கும் ஃபோர்டு மோட்டார் கம்பெனிக்கும் உறவு கிடையாது. ஆனால் அவர் மிச்சிகன் மாநிலத்துக்காரர். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் மூன்றும் வேரூன்றிய டெட்ராய்ட் நகரம் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. கால் நூற்றாண்டு மிச்சிகன் மக்களின் ஓட்டில் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர் கையாலேயே இந்தச் சட்டம் அமலுக்கு வந்தது.

சென்ற அத்தியாயத்தில் 1973 அக்டோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையைப் பார்த்தோம். பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் பங்குகளில் விடியும் முன்பே வரிசை நின்றது. மணிக்கு 55 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று நாடு முழுவதற்கும் வேக வரம்பு வந்தது. அப்போது அங்கே விற்றுக்கொண்டிருந்த புதிய கார்களின் சராசரி கேலனுக்கு 13, 14 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 6 கிலோமீட்டர்கூட இல்லை. இப்படிக் குடிக்கிற வண்டிகளை வைத்துக்கொண்டு அடுத்த தடையைத் தாங்க முடியாது என்பது வாஷிங்டனில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

கார் கம்பெனிகள் முதலில் கேட்டது, எங்களை நம்புங்கள் என்பதுதான். 1975 ஜனவரி உரையில் அதிபர் ஃபோர்டே அதை அறிவித்தார். 1980-க்குள் மைலேஜ் 40 சதவீதம் கூடும். அதற்கு ஈடாகக் கார் புகைக் கட்டுப்பாட்டு விதிகளை ஐந்து ஆண்டு தள்ளிவைக்கலாம் என்பது அந்த ஏற்பாடு. எரிபொருளை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் காற்றை மாசுபடுத்த அனுமதி கொடு என்ற இந்தப் பேரத்தை நாடாளுமன்றம் ஏற்கவில்லை. வெறும் உறுதிமொழி போதாது, சட்டம்தான் வேண்டும் என்றது. மைலேஜ் சட்டம் வந்தால் தங்கள் கார்கள் எல்லாமே பின்டோவைவிடச் சிறியதாகிவிடும் என்று ஃபோர்டு கம்பெனியின் தரப்பு எச்சரித்திருந்தது. பின்டோ அன்று அந்தக் கம்பெனி விற்ற குட்டிக் கார். சட்டம் வந்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் ஆறு பேர் தாராளமாக உட்காரும் கிரவுன் விக்டோரியாவை ஃபோர்டு விற்றுக்கொண்டுதான் இருந்தது.

விதி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம். பின்னால் நடந்த எல்லாத் தில்லுமுல்லுக்கும் சாவி அதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு காரும் இவ்வளவு மைலேஜ் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கம்பெனியின் மொத்த விற்பனைக்கும் ஒரு சராசரி. கேலனுக்கு 20 மைல் தரும் பெரிய கார் ஒன்றை விற்றால், 30 மைல் தரும் சிறிய கார் ஒன்றையும் விற்று ஈடுகட்டலாம். ஆனால் இரண்டையும் கூட்டிப் பாதியாக வகுத்து 25 என்று கணக்குக் காட்ட முடியாது. இரண்டு காரும் 600 மைல் ஓடினால் முதல் கார் 30 கேலன் குடிக்கும், இரண்டாவது 20. ஆக 1,200 மைலுக்கு 50 கேலன், சராசரி 24. குடிக்கிற வண்டியின் பக்கம் கணக்கு சாய்கிறது. எனவே ஒரு பெரிய காரைக் கணக்கிலிருந்தே வெளியே எடுத்துவிட்டால், கம்பெனிக்கு அதைவிட லாபம் வேறில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலக்கு 1978-ல் 18 மைல். 1980-ல் 20. 1985-ல் 27.5, அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 11.7 கிலோமீட்டர். தவறினால் ஒவ்வொரு 0.1 மைல் குறைவுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 5 டாலர் அபராதம். பத்து லட்சம் கார் விற்கும் கம்பெனி ஒரே ஒரு மைல் பின்தங்கினால் 5 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்தது. இந்தியாவில் 2017 முதல் அமலில் இருக்கும் ‘கேஃபே’ விதிகளும் இதே கம்பெனிச் சராசரி முறையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

முதல் பத்தாண்டில் சட்டம் நினைத்ததைச் சாதித்தது. காரின் எடை சராசரியாகக் கிட்டத்தட்ட ஆயிரம் பவுண்டு இறங்கியது. முன்சக்கரத்துக்கு விசை தரும் அமைப்பு பரவலானது. எஞ்சின்கள் மாறின. எண்ணெய் விலை ஏற்றமும் இதற்குக் கைகொடுத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் 2001-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு கணக்கிட்டுப் பார்த்தபோது, மைலேஜ் உயராமல் இருந்திருந்தால் அந்நாடு நாள் ஒன்றுக்கு 28 லட்சம் பீப்பாய் எண்ணெய் கூடுதலாக எரித்திருக்கும் என்று தெரிந்தது. டெட்ராய்ட்டின் பொறியாளர்களால் முடியாத காரியமல்ல இது. செய்து காட்டியவர்களே அவர்கள்தான். அவர்கள் கையைக் கட்டிப்போட்டது வேறு மாடியில் இருந்தவர்கள்.

ஓட்டை எங்கே இருந்தது? 1975-ல் சட்டம் எழுதியவர்கள் 27.5 மைல் இலக்கைப் பயணிகள் காருக்கு மட்டும் வைத்தார்கள். பிக்கப், வேன் போன்ற ‘லைட் ட்ரக்’ வகைக்கு எவ்வளவு என்பதைப் போக்குவரத்துத் துறை தீர்மானிக்கட்டும் என்று விட்டார்கள். அன்றைய நிலையில் அது நியாயமான முடிவு. விற்ற வண்டிகளில் ஐந்தில் ஒன்றுதான் அந்த வகை. பிக்கப் என்பது விவசாயி வைக்கோல் ஏற்றுவதற்கும், தச்சர் பலகை ஏற்றுவதற்கும் வைத்திருந்த வண்டி. அவர்களுடைய பிழைப்பில் கை வைக்க யாரும் விரும்பவில்லை.

ஆனால் எது கார், எது ட்ரக் என்று யாராவது எழுதியாக வேண்டுமே. அந்த வேலை போக்குவரத்துத் துறையின் கீழ் உள்ள நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் வந்தது. அது 1977-ல் எழுதிய வரையறையை வாசித்தால் திகைப்பு வரும். வண்டிக்கு நான்கு சக்கர விசை இருக்க வேண்டும், அல்லது மொத்த எடை 6,000 பவுண்டுக்கு மேல் இருக்க வேண்டும். அத்துடன், முன் பம்பருக்கும் தரைக்கும் இடையிலான ஏற்றக் கோணம் 28 டிகிரிக்குக் குறையக் கூடாது. வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். இப்படி ஐந்து அளவுகள். அவற்றில் நான்கு பொருந்தினால் போதும், அது காட்டுப் பாதையில் போகக்கூடிய வண்டி, ஆகவே ட்ரக். வாங்கியவர் அதைக் காட்டுப் பாதைக்குக் கொண்டுபோகிறாரா, பள்ளிக்கூட வாசலுக்குக் கொண்டுபோகிறாரா என்ற கேள்வியே கிடையாது. இன்னொரு வழியும் இருந்தது. பின் இருக்கைகளைக் கழற்றி எடுத்தால் தளம் மட்டமாகச் சரக்கு வைக்கத் தோதாக இருக்கிறதா? அப்படியானால் அதுவும் ட்ரக்தான். ஜீப் தயாரித்துக்கொண்டிருந்த அமெரிக்கன் மோட்டார்ஸ் அன்று தள்ளாடிக்கொண்டிருந்த சிறிய கம்பெனி. தன் ஜீப் ட்ரக் பட்டியலில் வர வேண்டும் என்று அது முயன்றது. கேட்டது கிடைத்தது.

அடுத்த ஆண்டே இன்னொரு கதவு திறந்தது. 1978-ல் அதிகம் பெட்ரோல் குடிக்கும் வண்டிக்குத் தனி வரி விதித்தார்கள். இன்றும் கேலனுக்கு 22.5 மைல் தராத காருக்கு அந்த வரி உண்டு. மோசமான காருக்கு 7,700 டாலர் வரை போகும். ட்ரக் வகைக்கு வரி கிடையாது. ஆகவே அதிகம் குடிக்கும் வண்டிக்கான வரி, அதிகம் குடிக்கும் வண்டிகளைத் தொடுவதே இல்லை. போதாததற்கு, 1960-களில் ஐரோப்பாவுடன் நடந்த கோழி இறைச்சி வர்த்தகத் தகராறில் விதித்த 25 சதவீத இறக்குமதி வரி லைட் ட்ரக்குகளுக்கு மட்டும் நீங்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கார் சந்தையில் டொயோட்டாவும் ஹோண்டாவும் டெட்ராய்ட்டைத் திணறடித்தபோது, பிக்கப் சந்தையில் அந்த வரி மதில் போல் நின்று காத்தது.

மைலேஜ் விதி தளர்வு, வரி விலக்கு, இறக்குமதிப் பாதுகாப்பு. மூன்றும் ஒரே வகை வண்டிக்குச் சேர்ந்து கிடைத்தால் எந்தக் கம்பெனி சும்மா இருக்கும்? 1983 நவம்பரில் கிரைஸ்லர் மினிவேன் தயாரிக்கத் தொடங்கியது. குடும்பத்தோடு போகிற வண்டி. சட்டத்தின் கண்ணில் ட்ரக். 1984 மாடலாக ஜீப் செரோக்கி வந்தது. 1990-ல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். பழைய பிக்கப் சேஸிஸின் மேல் தோல் இருக்கை, ஏ.சி., ஸ்டீரியோ வைத்த உடல். பெரிய எஸ்.யூ.வி. ஒன்றுக்கு 10,000 டாலருக்கு மேல் லாபம் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. சிறிய காரில் நூறு டாலர் தேற்றவே திண்டாடிய கம்பெனிகள் அவை.

இதன் உச்சம் பின்னால் வந்தது. 2000-ல் கிரைஸ்லர் வெளியிட்ட பிடி க்ரூஸர், நான்கு கதவு வைத்த சிறிய குடும்ப வண்டி. இருக்கையைக் கழற்றினால் தளம் மட்டமாகும்படி செய்து, அதை ட்ரக் கணக்கில் சேர்த்தது கம்பெனி. நல்ல மைலேஜ் தரும் அந்தச் சிறு வண்டி, கம்பெனியின் பெரிய ட்ரக்குகளின் சராசரியைத் தூக்கிவிட்டது. 2005 மாடலில் சுபாரு தன் அவுட்பேக் செடானின் தரை உயரத்தைக் கொஞ்சம் கூட்டி அதையும் ட்ரக் ஆக்கியது. டிக்கி வைத்த செடான் கார், சட்டப்படி ட்ரக்! எந்த விதியும் மீறப்படவில்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

இதெல்லாம் பொறியியல் மேஜையில் நடந்தது. அரசியல் மேஜைக்கு வருவோம்.

1980-களின் நடுவில் எண்ணெய் விலை சரிந்தது. 27.5 மைல் இலக்கை எங்களால் எட்ட முடியாது, தளர்த்துங்கள் என்று ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் ரீகன் அரசிடம் மனு கொடுத்தன. தளர்த்தாவிட்டால் ஆலைகளை மூட வேண்டிவரும் என்ற பேச்சும் கூடவே வந்தது. கிரைஸ்லர் தலைவர் லீ ஐயகோக்கா இதை வெளிப்படையாக எதிர்த்தார். அவருடைய கம்பெனி பணத்தைக் கொட்டி இலக்கை எட்டியிருந்தது. சட்டத்தை மதித்தவன் ஏமாளியா என்ற கேள்விதான் அவர் வாதத்தின் சாரம். அரசு காது கொடுக்கவில்லை. 1986 மாடல் ஆண்டிலிருந்து இலக்கு 26 மைலுக்கு இறங்கியது. சட்டத்தை நம்பி முதலீடு செய்த கம்பெனிக்குத் தண்டனையும், செய்யாத கம்பெனிகளுக்குச் சலுகையும் கிடைத்தன. இதைவிடப் பெரிய பாடத்தை அந்தத் தொழிலுக்கு அரசு கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

அப்போது நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தலைவராக இருந்தவர் டயான் ஸ்டீட். 1983 முதல் 1989 வரை அந்தப் பதவியில் இருந்தார். அந்தப் பெயர் இன்னும் ஒருமுறை வரும்.

1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் உசேனின் படை குவைத்துக்குள் நுழைந்தது. அமெரிக்கச் சிப்பாய்கள் சவூதி பாலைவனத்துக்குக் கப்பலேறினார்கள். எண்ணெய் விலை இரண்டு மாதத்தில் இரட்டிப்பானது. அதே வாரங்களில் செனட்டின் முன் ஒரு மசோதா இருந்தது. நெவாடாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ரிச்சர்டு பிரையனும், வாஷிங்டன் மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் ஸ்லேடு கார்ட்டனும் சேர்ந்து கொண்டுவந்தது. ஒவ்வொரு கம்பெனியும் தன் சராசரியை 1995-க்குள் 20 சதவீதம், 2001-க்குள் 40 சதவீதம் உயர்த்த வேண்டும். இதைவிடப் பொருத்தமான நேரம் எந்த மசோதாவுக்கும் வாய்த்திருக்காது.

விவாதத்துக்கு எடுக்கலாமா என்ற முதல் வாக்கெடுப்பில் தேவையான 60-ஐத் தாண்டி ஆதரவு கிடைத்தது. அமெரிக்க செனட்டில் எதிர்ப்பவர்கள் பேசிக்கொண்டே போய் மசோதாவை முடக்கலாம். அதை நிறுத்த 100-ல் 60 பேர் வேண்டும். முதல் சுற்றில் தோற்ற கார் கம்பெனிகள் அடுத்த சில நாட்களில் செய்த வேலை, லாபி வரலாற்றில் பாடமாகவே படிக்கப்படுகிறது.

வாஷிங்டனில் ஜாக் பானர் என்பவர் நடத்திய பானர் அண்ட் அசோசியேட்ஸ் என்ற நிறுவனத்தைக் கம்பெனிகள் அமர்த்தின. அதன் தொழில், பொதுமக்களின் குரலை ஏற்பாடு செய்து தருவது. ஊசலாடும் செனட்டர்கள் யார் யார், அவர்கள் மாநிலத்தில் மரியாதையான அமைப்புகள் எவை என்று பட்டியல் போட்டார்கள். முதியோர் சங்கங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகள், விவசாயி சங்கங்கள் என ஒவ்வொன்றுக்கும் தொலைபேசி போனது. இந்த மசோதா வந்தால் பெரிய கார் இருக்காது. வாக்கர் வைத்திருக்கும் பெரியவர் சின்னக் காருக்குள் எப்படி ஏறுவார்? சக்கர நாற்காலி ஏற்றும் வேனுக்கு எங்கே போவது? பிக்கப் இல்லாமல் விவசாயம் எப்படி? கவலைப்பட்டவர்கள் தங்கள் செனட்டருக்கு எழுதினார்கள், பேசினார்கள். அவர்களுடைய கவலை பொய்யல்ல. ஆனால் மசோதா சராசரியைப் பற்றியது என்பதையும், சக்கர நாற்காலி வேனை அது தடை செய்யவில்லை என்பதையும் அவர்களுக்கு யார் சொன்னார்கள்? வில்லியம் கிரைடர் என்ற பத்திரிகையாளர் 1992-ல் எழுதிய ‘ஹூ வில் டெல் த பீப்பிள்’ நூலில் இந்த ஏற்பாட்டை விரிவாகவே பதிவுசெய்தார். இதில் பானர் எதையும் மறைக்கவில்லை. தன் தொழில் திறமையாக அதை விளக்கினார்.

1990 செப்டம்பர் 25. ஆதரவு 57, எதிர்ப்பு 42. மூன்று ஓட்டில் மசோதா மடிந்தது. எதிர்ப்பை முன்னின்று நடத்திய மிச்சிகன் செனட்டர்கள் கார்ல் லெவின், டான் ரீகல் இருவரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் அரசும் மசோதாவுக்கு எதிராகவே நின்றது. இந்த விஷயத்தைப் பணக்காரக் கட்சி, ஏழைக் கட்சி என்று பிரித்துப் பேசுகிறவர்கள் தயவுசெய்து இந்த வாக்குப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும். ஆலை எங்கே இருக்கிறதோ அங்கே ஓட்டு போனது.

பிரையன் மறுபடி முயல்வார் என்று தெரிந்த கம்பெனிகள் நிரந்தரமான ஓர் அமைப்பையே உண்டாக்கின. ‘வாகனத் தேர்வுக்கான கூட்டணி’ என்பது பெயர். நுகர்வோரின் உரிமைக்குரலாகத் தன்னைக் காட்டிக்கொண்ட அதற்குப் படியளந்தது கார் கம்பெனிகள். அதன் தலைவராக வந்து அமர்ந்தவர் டயான் ஸ்டீட். மைலேஜ் விதியை அமல்படுத்தும் அரசு நிர்வாகத்தின் தலைவராக இருந்து இலக்கைக் குறைத்தவர், அந்த விதியை எதிர்க்கும் தொழில்துறை மேடையின் தலைவரானார். சட்டப்படி இதில் குற்றமில்லை. ஆனால் அரசுப் பதவியில் இருந்தபோது எடுத்த முடிவுகளை மக்கள் பிறகு எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு இப்படிப்பட்ட நியமனங்கள் எந்தக் காலத்திலும் பதில் சொன்னதில்லை.

கூட்டணி கையிலெடுத்த முக்கிய ஆயுதம் பாதுகாப்பு. கார் சிறியதானால் விபத்தில் சாவு கூடும் என்றது. இதை வெறும் புரட்டு என்று தள்ளிவிட நான் தயாரில்லை. நான் முன்பு சொன்ன 2001 அறிக்கையிலேயே, 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் கார்கள் எடை குறைந்ததால் 1993-ல் 1,300 முதல் 2,600 வரை கூடுதல் மரணங்கள் நேர்ந்திருக்கலாம் என்று குழுவின் பெரும்பான்மை கூறியது. இரண்டு உறுப்பினர்கள் ஆதாரம் போதாது என்று மறுத்து எழுதினார்கள். ஆனால் அந்த வாதத்தை எடுத்தவர்கள் விட்ட பாதியும் உண்டு. சிறிய காரை நசுக்குவது அருகில் வரும் பெரிய ட்ரக். உயரமான எஸ்.யூ.வி. எளிதில் கவிழும். சில ஆண்டுகளுக்குள் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் கிழிந்து, வண்டி உருண்டு இறந்தவர்கள் 270-க்கு மேல். பாதுகாப்பின் பெயரால் காப்பாற்றப்பட்ட வண்டி வகை அது.

பில் கிளின்டன் 1992 தேர்தலில் கேலனுக்கு 40 மைல் என்று பேசி ஜெயித்தார். ஜெயித்த பிறகு அந்தப் பேச்சு போய், அதற்குப் பதிலாக ஒரு கூட்டு ஆராய்ச்சித் திட்டம் வந்தது. 1993 செப்டம்பரில் வெள்ளை மாளிகையில் மூன்று கம்பெனித் தலைவர்களுடன் அறிவித்தார்கள்: பத்தாண்டுகளில் 80 மைல் தரும் குடும்பக் காரின் மாதிரி. அரசுப் பணம், அரசு ஆய்வுக்கூடங்கள். 2000-ல் மூன்று மாதிரிக் கார்களும் மேடையில் வந்து நின்றன. 70, 80 மைல் தரக்கூடியவை. ஒன்றுகூட விற்பனைக்கு வரவில்லை. 2002 தொடக்கத்தில் திட்டமே கைவிடப்பட்டது. இந்தத் திட்டத்தில் சேர்க்கப்படாத டொயோட்டா, அமெரிக்கர்கள் முந்திவிடுவார்களோ என்ற பயத்தோடு உழைத்து, 1997 டிசம்பரிலேயே ப்ரியஸை ஜப்பான் தெருவில் ஓடவிட்டது.

விதியை உயர்த்தும் அதிகாரம் போக்குவரத்துத் துறைக்கு இருந்தது. கிளின்டன் அரசு அதை எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் 1995 வருகிறது.

அந்த ஆண்டு பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியின் கைக்கு வந்திருந்தது. டெக்சாஸின் டாம் டிலே அதன் கொறடா. போக்குவரத்துத் துறைக்கு ஆண்டு நிதி ஒதுக்கும் மசோதாவில் ஒரு வாக்கியம் நுழைக்கப்பட்டது. இந்தப் பணத்தில் எந்தப் பகுதியையும், இப்போது உள்ளதிலிருந்து மாறுபட்ட மைலேஜ் அளவைத் தயாரிக்கவோ, முன்மொழியவோ, அறிவிக்கவோ செலவிடக் கூடாது. அவ்வளவுதான். சட்டம் அப்படியே இருக்கிறது, அதிகாரமும் இருக்கிறது. ஆனால் அதிகாரி அந்த விஷயத்தைப் பற்றி ஒரு கோப்பைத் திறந்தால் அவருடைய சம்பளமே சட்டவிரோதச் செலவாகிவிடும். நெடுஞ்சாலைக்கும் விமான நிலையத்துக்கும் பணம் தரும் மசோதாவை ஒரு வாக்கியத்துக்காக அதிபர் திருப்பி அனுப்புவாரா? கிளின்டன் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டும் அதே வாக்கியம். அதற்கடுத்த ஆண்டும். இப்படி ஆறு நிதியாண்டுகள். 1999-ல் கார்ட்டன், பிரையன், கலிபோர்னியாவின் டயான் ஃபைன்ஸ்டைன் மூவரும் இதை எடுக்கச் சொல்லி செனட்டில் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது.

எஸ்.யூ.வி. விற்பனை பொங்கியது இந்த ஆறு ஆண்டுகளில்தான். பெட்ரோல் மலிவாகக் கிடைத்தது. மக்கள் விரும்பி வாங்கினார்கள். அதை நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால் வாங்கும் வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று அதிகாரிகள் ஆராயவும் கூடாது என்று தடுப்பது ஜனநாயகத்தில் சேருமா? 1990-ல் குறைந்தபட்சம் ஓட்டெடுப்பு நடந்தது. யார் எந்தப் பக்கம் என்று ஊருக்குத் தெரிந்தது. 1995-ன் வாக்கியம் எத்தனை அமெரிக்கர்களின் காதுக்குப் போயிருக்கும்? இந்தத் தொடர் முழுவதிலும் என்னை அதிகம் கோபப்படுத்தியது அந்த ஒரு வரிதான். பெரிய ஊழல்கள்கூட அவ்வளவு கோபம் தரவில்லை.

2001 டிசம்பரில்தான், அடுத்த ஆண்டுக்கான தடை வராமல் போனது. அதற்குள், அந்த ஆண்டு ஜனவரியில் இளைய புஷ் பதவியேற்றிருந்தார். அவருடைய வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரி ஆண்ட்ரூ கார்டு. மூத்த புஷ் காலத்தில் போக்குவரத்துத் துறை அமைச்சர். பிறகு அமெரிக்கக் கார் உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவர். அதன்பின் ஜெனரல் மோட்டார்ஸின் அரசு உறவுகளுக்கான துணைத் தலைவர். இப்போது அதிபரின் அறைக்கு யார் போகலாம் என்பதைத் தீர்மானிப்பவர்.

அந்த ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. அமெரிக்கா தனக்கு வேண்டிய எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. மாசச்சூசெட்ஸின் ஜான் கெர்ரியும் அரிசோனாவின் ஜான் மெக்கெய்னும் கட்சி பாராமல் கைகோத்து, காருக்கும் லைட் ட்ரக்குக்கும் சேர்த்து 2015-க்குள் 36 மைல் என்று முன்வைத்தார்கள். ட்ரக் என்ற ஓட்டையை அடைக்கும் ஒரு பெரிய முயற்சி.

2002 மார்ச்சில் செனட்டில் விவாதம். குடியரசுக் கட்சித் தலைவர் ட்ரென்ட் லாட், ஐரோப்பாவில் ஓடும் ஒரு குட்டிக் காரின் பெரிய படத்தை அவைக்குக் கொண்டுவந்து காட்டினார். எல்லா அமெரிக்கர்களும் இதை ஓட்ட வேண்டுமா என்று கேட்டார். 1974-ல் பின்டோ; 28 ஆண்டு கழித்து இந்தப் படம். இடையில் கார்கள் சராசரியில் இருமடங்கு மைலேஜ் தந்தும் யாரும் தீப்பெட்டிக்குள் அடைபடவில்லை என்ற உண்மை அவையில் எடுபடவில்லை. மிச்சிகனின் கார்ல் லெவினும், கார் ஆலைகள் நிறைந்த மிசௌரியின் குடியரசுக் கட்சி செனட்டர் கிட் பாண்டும் மாற்றுத் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எண் எதுவும் வேண்டாம்; போக்குவரத்துத் துறையே ஆராய்ந்து முடிவு செய்யட்டும். முந்தின ஆறு ஆண்டும் ஆராயவே கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த அதே துறை.

மார்ச் 13 அன்று லெவின்–பாண்டு திருத்தம் 62-க்கு 38 என்ற கணக்கில் நிறைவேறியது. பிக்கப்களை எந்த உயர்விலிருந்தும் விலக்கிவைக்க வேண்டும் என்று ஜார்ஜியாவின் செனட்டர் செல் மில்லர் கொண்டுவந்த திருத்தமும் 56-க்கு 44 என்று ஜெயித்தது. மில்லர் ஜனநாயகக் கட்சி. லெவினும் ஜனநாயகக் கட்சிதான். சட்டத்தை ஒழிக்க வேண்டும் என்று இரண்டு கட்சியிலும் யாரும் பேசவில்லை. அதற்கு அவசியமும் இல்லை.

அடுத்த அத்தியாயத்தில் இந்தச் சண்டை கலிபோர்னியாவுக்கும் நீதிமன்றங்களுக்கும் நகரும். அதற்கு முன் இரண்டு தகவல்களை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். லைட் ட்ரக்குகளுக்கான இலக்கு 1996 முதல் 2004 வரை கேலனுக்கு 20.7 மைலிலேயே நின்றது. அதற்குள் விற்பனையில் ஏறக்குறைய பாதி அந்த வகை வண்டிகளாகிவிட்டன. 1987-ல் அமெரிக்காவில் விற்ற புதிய வண்டிகளின் சராசரி மைலேஜை, 15 ஆண்டுகள் கழித்து 2002-ல் விற்ற புதிய வண்டிகளால் எட்ட முடியவில்லை.

(தொடரும்)